யாம் கண்ட கோட்டைகள்

ஸ்காத்லந்து நாட்டுக் கோட்டைகளின் படங்கள் நிறைந்த பெரிய நூலொன்று எம் இல்லத்தில் உண்டு. எம் பெரிய தந்தையார் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்தது. பண்டைக் காலத்து எரிமலைப் பாறையின்மேல் வீற்றிருக்கும் எடின்பரோக் கோட்டையையும், ஸ்டர்லிங் கோட்டையையும், ஹோலிரூட் அரண்மனையையும் அந்நூலிற் பார்த்துப் பார்த்து எம் தம்பியின் உள்ளம் அந்நாட்டிற்கே குடிபோயிற்று. விடுமுறை வருந்தோறும், “நாம் எப்பொழுது அங்கே போவது?” என்று வினவுவான். எம் தந்தையாரோ நெசவாளர். பட்டுத்தறி ஓடினாலன்றி அடுப்பெரியாத இல்லத்தில் இவ்வினாவிற்கு விடை யாது கூறுவது! சென்ற கிறிஸ்துமஸ் பண்டிகை கழிந்தபின், பழைய பாவு நெய்து முடிந்து புதுப்பாவு பிணைப்பதற்கு இடையே மூன்று நாள் ஓய்வு வாய்த்தது. “நம்மைச் சுற்றிலும் உள்ள கோட்டைகளை முதலில் பார்ப்போம்” என்றார் தந்தையார்.

இவ்வாறு யாம் எழுவரும் ஒரு வாடகை வண்டியில் வாலாஜாபாத்தினின்று புறப்பட்டோம். எம்மூரை வாலாஜாப்பேட்டை என மயங்குவோர் நம் கல்லூரியிலும் பலர் உளர். அது ஆர்க்காட்டை அடுத்தது. எமது ஊரோ காஞ்சிபுரத்திற்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் உள்ளது. இரண்டும் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி பூண்டிருந்த வாலாஜா என்னும் பட்டத்தால் பெயர் பெற்றவை. கும்பினியார் காலத்தில் எம்மூரில் ஒரு தண்டு இருந்தது. பின்னாளில் வாலாஜாபாத் இலகு காலாட்படை என்றே ஒரு படைப்பிரிவு சென்னைச் சேனையில் வழங்கிற்று. எம் இல்லத்தை ஊரிலுள்ள முதியோர் இன்றும் ‘சிப்பாய் வீடு’ என்பர். குடும்பத்து முன்னோர் ஒருவர் எம்மூர்த் தண்டிலிருந்து வேலூருக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்பது வழிவழியாக வரும் செய்தி. எம் குடும்பம் கிறிஸ்து நெறியைத் தழுவியது அதற்கு நெடுங்காலம் பின்னரே. இச்செய்தியைத் தம் மாமியார் வாய்க் கேட்டுப் போற்றி வைத்திருப்பவர் எம் பாட்டியார். தம்பிக்குக் கோட்டை வேண்டும். பாட்டியார்க்கு வேலூர் வேண்டும். யாத்திரைக்கு மெய்யான காரணம் இரண்டாவதே என்பதை யாம் வண்டியில் ஏறிய பின்னரே உணர்ந்தோம்.

முதலில் காஞ்சிபுரத்திற்கு வடக்கேயுள்ள புள்ளலூரை அடைந்தோம். அங்கே கோட்டையும் இல்லை, அரண்மனையும் இல்லை. மழைநீர் தேங்கிய வயல்களும், வரப்பில் நிற்கும் பனைகளுமே உள்ளன. தம்பி முகம் சுளித்தான். பெரிய தந்தையார் பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவனை வயலோரத்தில் நிறுத்திக் கதை சொல்லத் தொடங்கினார். 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் படையை ஐதர் அலியும் அவர் மைந்தர் திப்புவும் இவ்விடத்தே வளைத்துக் கொண்டனர். மருந்து வண்டிகள் தீப்பற்றி வெடிக்கவே கும்பினிப் படை அழிந்தது. எஞ்சியோர் சிறைப்பட்டனர். பெய்லிக்குத் துணையாக வந்திருக்க வேண்டிய மன்றோ தளபதி சில கல் தொலைவில் காஞ்சிபுரத்திலேயே இருந்தார். செய்தி கேட்டதும் தம் பெரும் பீரங்கிகளைக் கோயிற்குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டை நோக்கிப் பின்வாங்கினார்.

“இதில் ஸ்காத்லந்து எங்கே?” என்றான் தம்பி. அவ்வினாவையே எதிர்நோக்கியிருந்தவர்போல் பெரிய தந்தையார் மகிழ்ந்தார். மன்றோ அந்நாட்டவர். சிறைப்பட்டோருள் டேவிட் பேர்டு என்னும் இளைஞரும் அந்நாட்டவர். சீரங்கபட்டணத்துச் சிறையில் இவர் சங்கிலி பூண்டு கிடக்கிறார் என்று கேட்ட இவருடைய அன்னையார், தம் மகனுக்காக இரங்காமல், அவனோடு பிணைக்கப்பட்டிருக்கும் மற்றவனுக்காக இரங்கினார் என்று ஒரு கதை உண்டு. மகனின் குணம் அத்தகையது போலும்! 1784-இல் விடுதலையான பேர்டு, 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் அதே சீரங்கபட்டணத்தைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கிச் சென்றார். அன்றிரவு திப்புவின் உடலை அவர் கண்டெடுத்த காட்சியை வில்கி என்னும் ஓவியர் 1839-இல் பெரும் படமாக முடித்தார். அப்படம் ஸ்காத்லந்துத் தேசியச் சித்திரசாலைக்கு உரியது. புள்ளலூரில் தாம் பெற்ற வெற்றியை மைசூரார் சீரங்கபட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் தீட்டி வைத்தனர். இரு சாராரும் படம் எழுதினர். போர் நடந்த வயலில் நெல் விளைகிறது. 1781-இல் இங்கு நடந்த இரண்டாம் போரில் மாண்ட கும்பினிப் படைத்தலைவர் இருவர்க்கு நட்ட கூர்நுனித் தூண்கள் மட்டும் நிற்கின்றன. பாட்டியார் அவற்றைச் சுற்றிப் பார்த்து, “இரண்டு பேர்தானா செத்தார்கள்?” என்று கேட்டார். பெரிய தந்தையாரிடம் அதற்கு விடையில்லை.

அன்று மாலையே ஆர்க்காட்டைக் கடந்து வேலூர் புக்கோம். ஆர்க்காட்டில் 1751-இல் கிளைவு முற்றுகையைத் தாங்கி நின்ற கோட்டையில் தில்லி வாயில் என்னும் ஒரு வாயிலே குறிப்பிடத்தக்கதாக எஞ்சியுள்ளது. பொழுது சாய்ந்தமையால் வண்டியிலிருந்தே கண்டு நீங்கினோம்.

மறுநாட் காலையில் வேலூர்க் கோட்டையைக் கண்ட தம்பி வாயடைத்துப் போனான். மழை நீர் நிரம்பிய அகன்ற அகழி. அதிலிருந்து எழும் கருங்கல் மதில். மதிலின்மேல் வரிசையாய்க் கொத்தளங்கள். சற்றேறக்குறைய 133 ஏக்கர் பரப்புடையது. பதினாறாம் நூற்றாண்டில் விசயநகரத்தார்க்கு அடங்கிய நாயக்கர் எடுப்பித்தது. உள்ளே சலகண்டேசுவரர் கோயிலும், மசூதியும், 1846-இல் எழுந்த தூய யோவான் ஆலயமும் ஒரே மதிலுக்குள் உள்ளன. கோயிலின் கலியாண மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் கண்டு எம் தங்கை நெடுநேரம் நின்றுவிட்டாள். இத்துணைச் சிற்பச் செல்வம் வாய்ந்த கோயில் பல தலைமுறைகள் மூர்த்தியின்றிக் கிடந்து, 1981-இல்தான் மீண்டும் வழிபாடு பெற்றது.

ஆயினும் இக்கோட்டையை யாம் மறவாதிருப்பது அங்கே அடைபட்டிருந்தோரால். 1799-க்குப் பின் திப்புவின் மக்களும் மனைவியரும் இங்குள்ள மகால்களில் காவலில் வைக்கப்பட்டனர். அவர்கள் கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்ட பின், கண்டியின் கடைசி மன்னர் சிறீ விக்கிரம ராசசிங்கர் 1816-இல் கொண்டுவரப்பட்டு, 1832-இல் இங்கேயே உயிர் நீத்தார். பகைவர் புகாதிருக்க எழுப்பிய மதில், முடியிழந்தோர் வெளியேறாதிருக்கப் பயன்பட்டது.

1806-ஆம் ஆண்டுச் செய்தியைத் தந்தையாரே சொன்னார். சிப்பாய்கள் நெற்றிக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடியை மழித்தல் வேண்டும், தோற்பட்டம் வைத்த புதுத் தலைப்பாகை தரித்தல் வேண்டும் எனக் கட்டளைகள் பிறந்தன. ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்து, உறங்கிக்கிடந்த 69-ஆவது ஐரோப்பியப் படையினரைச் சுட்டனர். மைசூர்க் கொடி ஏறிற்று. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் விரைந்து வந்த கில்லெஸ்பி முற்பகலுக்குள் கோட்டையை மீட்டார். பின்னர் நிகழ்ந்தது கொடிது: அகப்பட்ட சிப்பாய்கள் பலரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சிலரைப் பீரங்கி வாயிலும் கட்டிச் சுட்டார்கள். எழுந்த படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. சென்னைக் கவர்னர் பெண்டிங்கு மறுவருடம் திருப்பி அழைக்கப்பட்டார்.

பாட்டியார் மதிலருகே ஒரு கல்லின்மேல் அமர்ந்து இவையனைத்தையும் கேட்டார். தங்கை, “ஆயா, நம் தாத்தா சுட்டவரா, சுடப்பட்டவரா?” என்றாள். அன்னையார் அவளைக் கண்ணால் அதட்டினார். பெரிய தந்தையாரோ, “கலைத்துவிட்ட பட்டாளத்தோடு ஓடிப்போய் வேறெங்கோ பிழைத்திருக்கலாம், கும்பினிக்கு உண்மையாய் நின்றும் இருக்கலாம்” என்றார். பாட்டியார்க்குச் சினம் மூண்டது. “ஓடிப்போனவர் பெண்சாதியைத் தேடி வந்திருக்க மாட்டாரா? போனவர் வரவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்” என்றார். அதன்பின் நெடுநேரம் எவரும் பேசவில்லை. புறப்படுமுன் தந்தையார் வண்டியைப் பாலாற்றங்கரையில் கண்டி மன்னர் அடக்கமாகியுள்ள முத்துமண்டபத்திற்குச் செலுத்தச் சொன்னார். “இந்த ஆறுதானே நம்மூருக்கும் வருகிறது?” என்று பாட்டியார் கேட்டார். ஆம் என்றோம். இறங்காமல் வண்டியிலிருந்தே மணலை நோக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் செஞ்சி. தம்பியின் எடின்பரோ அவனுக்கு இங்கே கிடைத்தது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதில் பிணைத்து நிற்கிறது. 1677-இல் சிவாசி இதனைக் கைப்பற்றினார். அவர் மைந்தர் இராசாராமர் மொகலாயர் முற்றுகையை 1698 வரை இங்கிருந்து தாங்கினார். 1714-இல் போர்க்களத்தில் வீழ்ந்த தேசிங்குராசனைத் தெருக்கூத்தும் கதைப்பாட்டும் அறியாத ஊர் நம் மாவட்டங்களில் இல்லை. 2025-இல் மராத்தியர் கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துள்ளது. யாமும் தம்பியும் தங்கையும் இராசகிரியின் உச்சிவரை ஏறினோம். குரங்குகள் எம் சோற்று மூட்டையைப் பறித்தமையும், இறங்குகையில் முழங்கால் நடுங்கியமையும் விரித்துரைக்கத் தக்கனவல்ல. கீழே கலியாண மகாலின் நிழலில் பெரியோர் எமக்காகக் காத்திருந்தனர். அடுக்கடுக்காய் மேலெழும் அம்மாளிகையைக் காட்டித் தம்பி, “ஹோலிரூட்டினும் இது அழகு” என்று தீர்ப்பளித்தான். ஹோலிரூட்டைக் காணாத யாம் அதனை ஏற்றுக்கொண்டோம்.

வந்தவாசி வழியாகத் திரும்புகையில், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கும்பினிக் காலத்துப் பட்டாளக் குறிப்புகள் உள்ளன, அங்கு எழுதிக் கேட்கலாம் என்று பெரிய தந்தையார் மெல்லச் சொன்னார். அது சமாதானத்திற்காகச் சொன்னது போலும். மறுநாளே பாட்டியார் எம்மை அழைத்துத் தாளும் பேனாவும் எடுக்கச் செய்தார். “யார் பெயரை எழுதுவது, ஆயா?” என்றோம். பாட்டியார் தந்தையாரைப் பார்த்தார். தந்தையார் பெரிய தந்தையாரைப் பார்த்தார். இத்தனை தலைமுறையாய்ச் சொல்லிவந்த கதையில் பெயரை எவரும் சொல்லிவைக்கவில்லை.

“வாலாஜாபாத்துச் சிப்பாய் என்று எழுது” என்றார் பாட்டியார்.

அவ்வாறே எழுதி அஞ்சலிற் சேர்த்தோம். புதுப்பாவு பிணைத்து முடிந்து தறி ஓடத் தொடங்கிவிட்டது. விடை இன்னும் வரவில்லை.