மாப்பிள்ளைக்கு ஒரு ரிவால்வர்

என் நாவல் ஒன்றில் ஒரு கல்யாணக் காட்சி வருகிறது. மாமனார் வெள்ளித் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ஒரு ரிவால்வரையும் வைத்து மாப்பிள்ளையிடம் நீட்டுகிறார். மாப்பிள்ளை அதை எடுத்து ஆகாயத்தை நோக்கி ஒரு தடவை சுடுகிறான். பந்தலில் ஒரே கரகோஷம். அந்த அத்தியாயத்துக்கு வந்த பாராட்டுக் கடிதங்களைப் போல் பிறகு எதற்கும் எனக்கு வந்ததில்லை. ஆலங்காயத்திலிருந்து என் பெரியப்பா டெலிபோனில் கூப்பிடும் வரையில் அந்தப் பெருமையிலேயே இருந்தேன்.

"தம்பி, பொங்கலுக்கு மாப்பிள்ளைகள் ரெண்டு பேரும் வர்றாங்க. உன் கதையில வர்ற மாதிரியே செஞ்சுடலாம்னு இருக்கேன். ஆளுக்கு ஒண்ணு. கடையில விலைகூடக் கேட்டுட்டேன்."

எனக்குச் சொரேல் என்றது. சட்டம் அதிகம் தெரியாதுதான். ஆனாலும் கைத்துப்பாக்கி வேஷ்டி துண்டு அல்ல என்கிற அளவுக்குத் தெரியும். என் பேனா செய்த வேலைக்குப் பெரியப்பா கம்பி எண்ணக் கூடாதே என்ற கவலையில், வாணியம்பாடி வக்கீல் நண்பர் ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ஆலங்காயம் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மலைமேல் காவலூரில், 1986 முதல், வானத்தைக் குறிபார்த்தபடி 2.34 மீட்டர் கண்ணாடியோடு ஒரு பெரிய தொலைநோக்கி நிற்கிறது. அந்தக் குழாயால் யாருக்கும் ஆபத்தில்லை. பெரியப்பாவிடம் இருப்பவை வேறு ரகம். மாந்தோப்புக் காவலுக்கென்று முப்பது வருஷத்துக்கு முன் வாங்கிய .32 ரிவால்வர் ஒன்று. அவர் தகப்பனார் வைத்துவிட்டுப் போன இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று. இரண்டும் அவர் லைசென்சில் முறைப்படி ஏறியவை. அதே லைசென்சில் இன்னும் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவது என்பது அவர் திட்டம்.

திண்ணையில் உட்கார்ந்து மோரைக் குடித்துவிட்டு வக்கீல் ஆரம்பித்தார். "முதல்ல, உங்களால வாங்கவே முடியாது, ஐயா. உங்க கணக்கு முடிஞ்சுபோச்சு."

முன்பெல்லாம் ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். 2019-ஆம் வருஷத்துத் திருத்தம் அதை இரண்டாக்கிவிட்டது. மூன்றாவது வைத்திருந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் அதைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டியிருந்தது. பரம்பரைச் சொத்து என்றாலும் விலக்கில்லை.

"சரி, இருக்கிறதையே கொடுத்துடறேன். என் பொருள், என் மாப்பிள்ளை. இதுல சர்க்காருக்கு என்ன வந்தது?"

வக்கீல் பையிலிருந்து 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை எடுத்தார். இந்தியனுக்கு லைசென்சு, வெள்ளைக்காரனுக்கு விலக்கு என்று நடந்த 1878-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக, 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது அது. அதில் 'கைமாற்றம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறார்கள். வாடகைக்கு விடுவது, இரவல் தருவது, சும்மா கொடுப்பது, கையை விட்டு அகலவிடுவது எல்லாமே கைமாற்றம்தான். ஒரு சொல்லைத் தப்ப விடாமல் இப்படி நாலு பக்கமும் வேலி போட நாவலாசிரியனுக்கு வராது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கொடுக்க முடியாது என்றில்லை. வாங்கிக்கொள்கிறவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். தம் பேரிலேயே லைசென்சு இருக்க வேண்டும். கொடுக்கிறவர் அவருடைய பேரையும் விலாசத்தையும் எழுதி, கலெக்டருக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகும் 45 நாள் காத்திருக்க வேண்டும். இவ்வளவும் இல்லாமல் தாம்பாளத்தில் வைத்து நீட்டினால், நீட்டியவருக்குக் குறைந்தது ஏழு வருஷம். ஆயுள் தண்டனை வரையிலும் போகலாம். லைசென்சு இல்லாமல் வாங்கி வைத்துக்கொண்ட மாப்பிள்ளைக்கு இரண்டு முதல் ஐந்து வருஷம்.

"ஆகாயத்துல சுட்டா?" என்று நான் மெல்லக் கேட்டேன்.

"கொண்டாட்டத்துல, அடுத்தவங்களுக்கு ஆபத்து வர்ற மாதிரி சுட்டா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லே லட்ச ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லே ரெண்டும். அதுவும் 2019-லதான் சேர்த்தாங்க. உங்க அத்தியாயத்துல ஆள் மிச்சமில்லே, சார்."

மலையிலிருந்து தேன் கொண்டுவந்த ஒருவர் இத்தனை நேரமும் திண்ணையோரமாகக் குந்தியிருந்தார். தேனுக்குப் பணம் வாங்கி முடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் வக்கீலைப் பார்த்து, "எங்க ஊர்ல ஒருத்தர் வீட்ல பாட்டன் காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒண்ணு இருக்குங்க. காகிதம் கிடையாது. சாமைக் கொல்லைக்குப் பன்னி வருது. அவருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார்.

அந்த ஒருத்தர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. வக்கீல் குரலைத் தணித்துக்கொண்டார். பயிர்க் காவலுக்காக, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு தரச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, மனுப் போடலாம். ஆனால் காகிதம் இல்லாமல் வைத்திருப்பது மாப்பிள்ளைக்குச் சொன்ன அதே குற்றம்தான். வழக்கில்லாமல் ஒப்படைத்துவிடலாம் என்று போலீஸார் எப்போதாவது அறிவித்தால் அந்தச் சமயத்தை விடக் கூடாது. பன்றியைச் சுட்டால் அதற்கு வனத்துறைச் சட்டம் தனியாக வந்து நிற்கும். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் போனார்.

குடகு மலைக்காரர்களுக்கு லைசென்சே வேண்டாம் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒரு விலக்கு உண்டு. 2019-இல் மத்திய சர்க்கார் அதை 2029 வரை நீட்டியிருக்கிறது. அதுவும் மலைதான், இதுவும் மலைதான். அவர்களுக்குக் கொடுத்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேன்காரர் போன பிறகு அது ஞாபகத்துக்கு வந்து என்னை உறுத்தியது.

பெரியப்பா விடுவதாக இல்லை. "அப்போ நான் எதைத்தான் கொடுக்கிறது?"

"பணத்தைக் கொடுங்க. மாப்பிள்ளைங்க அவங்கவங்க ஊர்ல மனுப் போட்டு, போலீஸ் விசாரணை முடிஞ்சு, பயிற்சிச் சான்றிதழும் வாங்கி, லைசென்சு கிடைச்சா அவங்க பேர்ல வாங்கிக்கட்டும். எதுக்கு வேணும்னு கேட்டா, மாமனார் ஆசைப்பட்டார்னு எழுதினா போதாது."

பிறகு அவரே யோசித்து, இன்னொரு வழி சொன்னார். லைசென்சுக்காரருக்கு எழுபது வயது ஆனாலும் சரி, துப்பாக்கி அவரிடம் இருபத்தைந்து வருஷம் இருந்தாலும் சரி, உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசின் பேரைச் சொல்லி, அந்த வாரிசுக்கு லைசென்சு கேட்கலாம். பெரியப்பாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தன.

"வாரிசுன்னா யாரு?"

உள்ளேயிருந்து காலி மோர்ச் சொம்புகளை எடுத்துப்போக வந்த மூத்த மகள் நின்றாள். நாலு வருஷமாகத் தோப்புக் கணக்கும், காய் விற்ற பணத்தோடு இருட்டில் திரும்புவதும் அவள்தான். புருஷனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். மாசத்தில் இரண்டு நாள் வந்து போகிறவர்.

"ஏம்ப்பா, என்னை யாரும் கேக்கவே இல்லையே?" என்றாள்.

பெரியப்பா அவளையும் வக்கீலையும் மாறி மாறிப் பார்த்தார். மனு அவள் பேரில் போயிருக்கிறது. மாப்பிள்ளைகளுக்குப் பொங்கலுக்கு மோதிரம்.

என் நாவலின் மறுபதிப்புக்குப் புரூப் வந்தபோது, ரிவால்வரை அடித்துவிட்டுக் கைக்கடிகாரம் என்று திருத்தினேன். புத்தகத்தைப் படித்துவிட்டுப் பெரியப்பா கூப்பிட்டார்.

"கடிகாரமா? என்ன தம்பி, சப்புனு ஆக்கிட்டியே!"