தீயைக் குறைங்க தம்பி!

கல்யாணம் என்றால் மண்டபம். வளைகாப்பு என்றால் மொட்டை மாடி. அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துச் சம்பளக்காரக் குடும்பங்களின் எழுதாத சட்டம் இது. தங்கையின் வளைகாப்புக்குத் திருமுல்லைவாயில் வீட்டு மாடியில் எண்பது இலை. வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து அண்டா, கரண்டி, கூடவே இரும்பு அடுப்பு. 19 கிலோ சிலிண்டரும் வந்து இறங்கியது.

"ஆபீஸ்ல ஏ.ஸி.யைக் கூட்டிக் குறைக்கிறவர்தானே தம்பி! அடுப்பைப் பார்த்துக்குங்க" என்று சமையல் மாஸ்டர் எனக்குப் பதவி கொடுத்தார்.

அமெரிக்காவில் இந்த மாதிரி அடுப்பைக் கொல்லையில் வைத்து வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார்கள். 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் தந்த சலுகை. நமக்கு 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. ஆகவே ரசம்.

வீட்டு அடுப்பு பரம சாது. இதற்கோ ஹை பிரஷர் ரெகுலேட்டர். திருகத் திருக இரைச்சல்! பற்ற வைத்ததும் மஞ்சளாக முழ நீளத்துக்கு நாக்கை நீட்டியது. "ஆஹா, என்னா தீ!" என்று ரசித்தார் மாமா. மாஸ்டர் முகம் சுளித்தார். "பார்க்கத்தான் அழகு. அண்டா அடியெல்லாம் கரி, கேஸ் வீண்."

காரணம், காற்று போதவில்லை. ஒரு பங்கு புரொப்பேன் முழுசாக எரிய சுமார் 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31. நம் சிலிண்டரில் இரண்டும் கலவை. காற்று குறைந்தால், எரியாத கரித்துகள்தான் மஞ்சளாக ஜொலிக்கிறது. கேஸ் நுழையும் குழாயின் வாயில் ஒரு சின்னத் தகடு. அதைச் சுழற்றினேன், மஞ்சள் சுருங்கி நீலமானது. மாஸ்டர் இன்னும் கொஞ்சம் திறந்து காட்டினார். தீ பர்னரை விட்டு எழும்பி, புஸ்ஸென்று அந்தரத்தில் ஆடியது. "இது அணையப் போற தீ!" லேசாக மூடினார். சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. முதலில் கேஸ், அப்புறம் காற்று. ரெகுலேட்டரைத் தொட்டால் தகட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பத்தரை மணிக்குக் காற்று பலமாக வீசி, பருப்பு வேகும் நேரத்தில் தீ அவிந்தது. மாமா தீப்பெட்டியோடு பாய்ந்தார். மாஸ்டர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது! முதல் காரியமாகச் சிலிண்டர் வால்வை மூடினார். கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து, படிக்கட்டில் இறங்கும். கீழே கூடத்தில் குத்துவிளக்கு. பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு தங்கை.

"சுபகாரியத்துல விளக்கை அணைக்கிறதாவது!" என்றாள் அம்மா. நான் வாதம் செய்யவில்லை. பூவால் விளக்கைக் குளிர வைத்துவிட்டு, தங்கையை வாசலுக்கு அழைத்துப் போனேன். நாற்றம் சுத்தமாகப் போகும்வரை யாரும் ஸ்விட்சைக்கூடத் தொடவில்லை. அம்மா சாயங்காலம்வரை என்னோடு பேசவில்லை என்பது தனிக் கதை.

அப்புறம் எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, காற்று வரும் பக்கம் மறைப்பு வைத்தோம். சிலிண்டர் மறைப்புக்கு வெளியே, தள்ளி. பன்னிரண்டு மணிக்குச் சிலிண்டர் வியர்த்தது, தீ இளைத்தது. உள்ளேயுள்ள திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் வரும் குளிர்ச்சி. உதவியாள் அண்டா நிறையக் கொதிநீர் கொண்டு வந்தார், சிலிண்டரை அதில் உட்கார வைக்க! மாஸ்டர் துரத்திவிட்டு, "தீயைக் குறைங்க தம்பி" என்றார். சாம்பார் பத்து நிமிஷம் லேட்.

மறுநாள் வாடகைக் கடைக்காரர் அண்டாவின் அடியைத் தடவிப் பார்த்தார். கரி தேய்க்கும் கூலி என்று வழக்கமாகப் பிடிக்கும் காசைப் பிடிக்காமல், முன்பணத்தை முழுசாக எண்ணிக் கொடுத்தார்.