கேட்டுக்கு வெளியே

2024 ஆகஸ்டில் நானும் வீட்டுக்காரியும் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். பெல்ஜியம், பரப்பில் தமிழ்நாட்டின் கால் பங்குகூட இல்லாத நாடு. அப்போது அங்கே ஒரே பேச்சு: நகரிலுள்ள ஆடி கார் ஆலை மூடப்போகிறது, சுமார் 3,000 பேருக்கு வேலை போகும் என்று. அடுத்த வருஷம் பிப்ரவரியில் மூடியும் விட்டார்கள்.

மாப்பிள்ளை கணக்குச் சொன்னார். 1997-இல் ரெனோ, 2010-இல் ஓப்பல், 2014-இல் கெங்க் நகரில் ஃபோர்டு என்று ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தியிருக்கின்றன. சம்பளச் செலவும் ஒரு காரணமாம். நமக்குப் பஞ்சப்படி மாதிரி, அங்கே தனியார் ஊழியருக்கும் விலைவாசி ஏறினால் சம்பளம் தானாக ஏறும். 2023 ஜனவரியில் லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரேயடியாக 11 சதவீதம் ஏறியது. ரெனோ மூடிய பிறகு ஒரு சட்டமும் வந்தது. தொழிலாளிகளிடம் முன்கூட்டியே சொல்லி, கலந்து பேசிய பிறகே ஆட்குறைப்பு செய்ய முடியும்.

ஒரு நாள் ஆடி ஆலைப் பக்கம் போனபோது, சின்னக் கடை ஒன்றில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினோம். கடைக்காரர் மகளிடம் ஏதோ சொன்னார். "உள்ளே இருக்கிறவங்களோட பேச்சுவார்த்தை நடத்துறாங்க, என்கிட்ட யார் பேசுவாங்கன்னு கேக்கறார்ப்பா" என்றாள். வறுவல் தொண்டையில் இறங்கவில்லை.

எனக்குச் சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் மெஸ் நடத்திய அம்மா ஞாபகம் வந்துவிட்டார். நான் வங்கியில் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், 2018-இல், இரண்டு லட்சம் கடன் கேட்டு வந்தார். உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் வாசலில் கடை. மூன்று ஷிப்டும் கூட்டம். "ஐந்தாக வாங்கிக்கொண்டு கடையைப் பெரிசு பண்ணுங்கம்மா, கார் கம்பெனிகள் எங்கே போய்விடப் போகின்றன?" என்றேன். தயங்கினார். நான்தான் விடவில்லை.

அப்புறம் கொரோனா. 2021 செப்டம்பரில் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை மூடும் அறிவிப்பு. மறுவருஷம் ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. தொழிலாளிகள் போராடி இழப்பீடு பேசினார்கள். மெஸ்காரம்மா எந்தப் பட்டியலிலும் இல்லை. வாசலில் மூன்று ஷிப்ட் ஒன்றானது. சங்கிலியை விற்றுத்தான் கடனை அடைத்தார்.

தினம் எத்தனை சாப்பாடு போகிறது என்று அன்று நான் கேட்டேன். எத்தனை இடத்தை நம்பிப் போகிறது என்று கேட்கவில்லை.

2025 அக்டோபரில், அதே ஆலையில் 2029 முதல் இன்ஜின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் என்று பேப்பரில் படித்தேன். 600-க்கு மேல் வேலையாம். மனசு கேட்காமல் அந்தம்மாவைப் பார்க்கப் போனேன். இப்போது பொத்தேரி பக்கம் இரண்டு மாணவர் விடுதிகளுக்கும், ஒரு கல்யாண மண்டபத்துக்கும் சமைத்துக் கொடுக்கிறார். தப்பு என்னுடையதுதான் என்றேன்.

"விடுங்க சார், கையெழுத்து போட்டது நான்தானே" என்றவர், சேதியைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கம்பெனி வரட்டும், நல்லதுதான். அங்கேயும் கொஞ்சம் கொடுப்பேன். விடுதியை விடமாட்டேன்."