வாய்தா

1958 ஜூலையில் எனக்குப் பதினான்கு வயது. தாத்தாவுக்குக் கண்புரை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது என் வேலை. ஒரு நாள் லெபனான் சேதி வந்தது. பெய்ரூட் பக்கத்துக் கடற்கரையில் அமெரிக்கப் படை இறங்கிவிட்டதாம். "எவன் கூப்பிட்டான் இவங்களை?" என்றார் தாத்தா. "அந்த ஊர் ஜனாதிபதியே கூப்பிட்டாராம் தாத்தா. வக்கீலாம்." ஒரு வரப்புத் தகராறுக்காக ஆயுசில் பாதியைக் கோர்ட்டு வாசலில் கழித்தவர் தாத்தா. "அதான் பார்த்தேன், வாய்தா வாங்கியிருக்கான்" என்றார்.

அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. பிறகு நானே கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு எத்தனையோ வாய்தா வாங்கியபின்தான் விளங்கிற்று.

அந்த ஜனாதிபதி கமீல் ஷமூன். 1900-ல் தெய்ருல் கமர் என்ற மலையூரில் பிறந்தவர். நிலவின் மடம் என்று அர்த்தமாம், அழகான பெயர். முதல் உலகப் போரில் துருக்கி அரசு அவர் குடும்பத்தை நாடு கடத்தியது. திரும்பிவந்து சட்டம் படித்தார், பத்திரிகையில் எழுதினார், 1934-ல் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1943 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஜனாதிபதி பிஷாரா அல் கூரியையும் பிரதமரையும் மந்திரிகளையும் பிடித்து ராஷாயா கோட்டையில் அடைத்தார்கள். மந்திரியாக இருந்த ஷமூனும் உள்ளே போனார். பதினோரு நாள். அவர்கள் வெளியே வந்த நவம்பர் 22-தான் இன்றும் அந்த நாட்டின் சுதந்திர தினம்.

மறு வருஷம் லண்டனுக்குத் தூதராகப் போனார். பிறகு ஐக்கிய நாடுகள் சபை. 1947 நவம்பர் 29 அன்று பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் ஓட்டுக்கு வரும் கடைசி நேரத்தில் ஷமூன் எழுந்தார். பிரிக்க வேண்டாம், கூட்டாட்சியாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனையைப் படித்தார். யோசனையில் குற்றமில்லை. முன்பே விசாரணைக் குழுவில் நம் இந்தியப் பிரதிநிதியும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லியிருந்தார். ஆனால் தீர்ப்பு தட்டச்சு ஆகிக்கொண்டிருக்கும்போது புது மனு போட்டால் எந்த நீதிபதி வாங்குவார்? 33-க்கு 13 என்று பிரிவினை நிறைவேறியது.

கோட்டையில் கூடவே அடைபட்ட கூரி, 1948-ல் அரசியல் சாசனத்தைத் திருத்தித் தன் பதவிக்கு இன்னொரு தவணை வாங்கிக்கொண்டார். அதை எதிர்த்துக் கிளம்பியவர்களில் ஷமூனுக்கு முன்வரிசை. 1952 செப்டம்பரில் ஊரெல்லாம் கடையடைப்பு. கூரி ராஜினாமா செய்தார். ஐந்தாம் நாள் ஷமூன் ஜனாதிபதி. அவர் காலத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. பால்பெக்கில் ரோமானியர் விட்டுப்போன தூண்களுக்கு நடுவே இசை விழா தொடங்கியது. ஒன்றும் செய்யாத மனிதர் என்று சொல்லிவிட முடியாது.

ஆறு வருஷம்தான் தவணை, உடனே மறுபடி வரக் கூடாது என்பது சாசனம். 1957 தேர்தலில் எதிரணித் தலைகள் வரிசையாகத் தோற்றதும் ஊருக்குச் சந்தேகம் வந்துவிட்டது: இவரும் திருத்தப் போகிறாரோ? பின்னால் வந்த சண்டைக்கு எகிப்தின் நாசர், அமெரிக்கா என்று வேறு காரணங்களும் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் 'நான் நீடிக்க மாட்டேன்' என்று அவர் வேளையோடு நறுக்கென்று சொல்லியிருந்தால் பாதிச் சூடு தணிந்திருக்கும் என்பது என் கட்சி. சொல்லவில்லை. 1958 மே மாதம் ஒரு பத்திரிகையாளரைச் சுட்டுக் கொன்றார்கள், கலகம் பற்றிக்கொண்டது. வெளியூர் ஆட்கள் புகுந்துவிட்டார்கள் என்று ஐ.நா.வில் முறையிட்டார். பார்வையிட வந்த மூவரில் நம் ராஜேஸ்வர் தயாளும் ஒருவர். ஆயுதம் ஏந்தியவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள்தாம் என்றது அந்தக் குழு. ராணுவத் தளபதி ஷிஹாப் படையை இறக்க மறுத்தார். ஜூலை 14-ல் பாக்தாதில் மன்னராட்சி கவிழ்ந்தது. மறுநாள், நான் தாத்தாவுக்குப் படித்த அந்தக் கப்பல்கள். துப்பாக்கியோடு இறங்கிய சிப்பாய்களைக் கரையில் எதிர்கொண்டவர்கள் குளிக்க வந்த ஜனங்களும் குளிர்பானம் விற்கிற பையன்களும்தான்.

செப்டம்பரில் தவணை முடிந்தது. ஷமூன் சட்டப்படி இறங்கி, அடுத்த ஜனாதிபதியான ஷிஹாபிடம் பொறுப்பைக் கொடுத்தார். ஒரு நாள்கூட நீட்டிக்கவில்லை! இதற்கா இத்தனை பேர் செத்தார்கள் என்று படிக்கும்போது வயிறு எரிகிறது. அதற்கப்புறம் அரசியலை அவரும் விடவில்லை, அது அவரையும் விடவில்லை. 1987-ல் எண்பத்தேழு வயதில் இறந்தபோது நிதி மந்திரி.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. எங்கள் வக்கீல் சங்கத்தில் ஒரு பெரியவர் ஒன்பது வருஷம் செயலாளராக இருந்தார். நாற்காலியா, பிதுரார்ஜிதச் சொத்தா என்று மேஜையைத் தட்டி முழங்கி அவரை இறக்கியவன் நான். அவர் கோபிக்கவில்லை. நூலக பீரோ சாவியை என் கையில் வைத்து, "தம்பி, பூட்டு கொஞ்சம் முரடு. இடது பக்கமா அழுத்தித் திருப்பணும், இல்லேன்னா சாவி ஒடிஞ்சிரும்" என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இருந்தாலும் சாவியை வாங்கிக்கொண்டேன்.

நான் இருந்தது பதினோரு வருஷம். ஆறாம் வருஷத்திலிருந்தே ஜூனியர்கள் கேட்டார்கள், "அடுத்த தடவையும் நிக்கறீங்களா சார்?" பார்க்கலாம் என்பேன், சிரித்துக்கொண்டே. நிற்க ஆசை இல்லை என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். சங்கத்தில் சொல்ல மட்டும் நாக்கு வரவில்லை. கடைசியில் ஒரு பையன், என் மகன் வயதுக்காரன், என்னுடைய பழைய முழக்கத்தையே வரி மாறாமல் முழங்கி என்னைத் தோற்கடித்தான்.

சாவியை மேஜைமேல் போட்டுவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் சைக்கிள் சத்தம். அந்தப் பையன்தான். கையில் பாதிச் சாவி.

"உள்ள மாட்டிக்கிச்சு சார்" என்றான்.

செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு கிளம்பினேன்.