ரெண்டு முடி கனம்

புது கார் வந்த வீட்டில் முதல் வாரம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பானெட்டில் சந்தனம், பிரிக்காத பாலிதீன் கவரோடு சீட்டு. தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு அதட்டல். எட்டாவது நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உற்றுப் பார்த்து, ‘‘இங்க என்ன சார், லேசா பெயின்ட் உரிஞ்சாப்ல இருக்கு?’’ என்பார். அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் தூக்கம் போச்சு.

சிரிக்காதீர்கள். 84 மாதத் தவணையில் வாங்கிய பொருள். முதல் தவணை கட்டும் முன்பே உரிகிறது என்றால் வயிறு எரியத்தானே செய்யும்?

கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு எட்டு நாள்கூட ஆகவில்லை. கல்வராயன் மலைமேல் பள்ளிக்கூட வாத்தியார். கச்சிராயபாளையம் வழியாக கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலை ரோட்டில் வருஷக்கணக்காக பைக்கில் ஏறி இறங்கியவன். மழையில் நனைந்தது போதும் என்று கார் எடுத்தான். சாயங்காலம் ஷோரூமில் மாலை, கேக், போட்டோ எல்லாம் ஆச்சு. மறுநாள் காலை வெயிலில் துடைக்கும்போது பானெட் ஓரத்தில் எள்ளு எள்ளாக நாலு இடத்தில் பெயின்ட் பெயர்ந்திருந்தது. உள்ளே வெள்ளையாகப் பிரைமர் தெரிகிறது.

ஷோரூமுக்கு போன் போட்டான். ‘‘வர்ற வழியில கல்லு பட்டிருக்கும் சார். கொண்டாங்க, பானெட் முழுக்க ஃப்ரீயா அடிச்சுத் தர்றோம்’’ என்றார்கள். இவனுக்கு ஒரே சந்தோஷம். ‘‘புதுசாவே அடிச்சுத் தர்றாங்களாம்ணே!’’

‘‘அவசரப்படாதடா’’ என்றேன்.

ஏன் என்று சொல்கிறேன். தொழிற்சாலையில் காருக்கு அடிக்கிற பெயின்ட், பல அடுக்கு. துருப்பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு, பிரைமர், அதன்மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். அத்தனையும் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான். ஆக, லட்சக்கணக்கில் கொட்டி வாங்குகிற பளபளப்பின் கனம், ரெண்டு முடி!

ஆனால் அந்த ரெண்டு முடி லேசுப்பட்டதில்லை. வெறும் இரும்புக் கூடாக இருக்கும்போதே, ரப்பர், பிளாஸ்டிக், சீட்டு எதுவும் மாட்டும் முன், சுமார் 140 டிகிரி சூட்டில் மேல்பூச்சைச் சுட்டெடுக்கிறார்கள். அடிப்பூச்சுக்கு இன்னும் அதிகச் சூடு. முழுசாக முடிந்த காரை ஒர்க்‌ஷாப்பில் அப்படிச் சுட முடியாது. உள்ளே இருப்பதெல்லாம் உருகிவிடும். அங்கே 60 டிகிரி பக்கம்தான். நல்ல பெயின்டர் கை பட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனாலும் அது வேறு பெயின்ட். எள்ளளவு சில்லுக்காக பானெட் முழுக்கச் சுரண்டுவது, கொசு கடித்ததற்குத் தோலை உரிப்பது போல.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. ‘‘பானெட்டைத் திறந்து, ஓரத்து ரப்பர் பீடிங்கைப் பாரு’’ என்றேன். பார்த்தான். கறுப்பு ரப்பரில் மெல்லிசாக கார் கலர், ஸ்ப்ரே தூவின மாதிரி. பழைய கார் வாங்கி விற்கிற நண்பர் ஒருவரிடம் பெயின்ட் கனம் பார்க்கிற கருவி உண்டு. கதவில் வைத்தால் 120. பானெட்டில் வைத்தால் 260. ஷோரூமுக்கு வந்துசேரும் முன்போ பின்போ எங்கேயோ அடிபட்டு, சத்தமில்லாமல் பெயின்ட் அடித்து, புதுசு என்று தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இதே கதை 1990-ல் அமெரிக்காவில் நடந்தது. அலபாமாவில் ஐரா கோர் என்ற டாக்டர் 40,750 டாலருக்கு ஒரு புது பி.எம்.டபிள்யூ. வாங்கினார். ஒன்பது மாதம் ஓட்டியபின் பாலிஷ் போடக் கொடுத்த இடத்தில்தான் விஷயம் தெரிந்தது: கார் ஏற்கெனவே ரீ-பெயின்ட். வரும் வழியில் அமில மழை பட்டிருக்கலாம் என்றது கம்பெனி. ரிப்பேர் செலவு 601 டாலர். விலையில் மூன்று சதவிகிதத்துக்குள் ரிப்பேர் செலவு என்றால் யாரிடமும் சொல்வதில்லை என்பது கம்பெனிக் கொள்கையாம். கொதித்துப்போன ஜூரிகள், மதிப்புக் குறைந்ததற்கு 4,000 டாலரும், மறைத்ததற்கு தண்டமாக 40 லட்சம் டாலரும் தீட்டினார்கள். அது மாநில உச்ச நீதிமன்றத்தில் 20 லட்சமாகி, இதுவும் ரொம்ப அதிகம் என்று 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லி, கடைசியில் 50,000-ல் வந்து நின்றது. அப்போதும் பாருங்கள், பெயின்டுக்கு 4,000. வாய் திறக்காததற்கு அதைப்போல பன்னிரண்டு மடங்கு!

நான் படித்த பி.காம்.மில் வணிகச் சட்டம் ஒரு பேப்பர். 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், 41-வது பிரிவு: பொருளைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும்வரை, வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாக அர்த்தமில்லை. ஷோரூம் லைட்டில் கேக் வெட்டுகிற அவசரத்தில் நீட்டுகிறார்களே ஒரு தாள், ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று? அதில் கையெழுத்துப் போட்டால், அந்த வாய்ப்பு கிடைத்துவிட்டது என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். ‘‘சண்டை போடாத. ‘இந்த வண்டிக்கு டெலிவரிக்கு முன்னாடி பெயின்ட் வேலை எதுவும் நடக்கல’ன்னு லெட்டர்ஹெட்ல எழுதித் தரச் சொல்லு.’’

கேட்டான். அதுவரை சேல்ஸ்மேன் பேசிக்கொண்டிருந்த லைனில் மேனேஜர் வந்தார். அடுத்த வாரம் ஜாப் கார்டில் உண்மையை எழுதி, மதிப்புக் குறைவுக்கு ஒரு தொகையும் கொடுத்தார்கள். சில்லுகளுக்கு மட்டும் கம்பெனி கலர் நம்பர் பார்த்து டச்-அப்.

கொடுத்திருக்காவிட்டால்? 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ரெண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான்.

ஆகவே, புது கார் எடுக்கப் போகிறவர்களே... உங்கள் பெயரில் பதிவாகும் முன்பே, பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கதவு இடுக்கு, ரப்பர் பீடிங், பானெட் போல்ட் எல்லாம் பாருங்கள். போல்ட் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால், யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். சில்லு இருந்தால் போட்டோ எடுத்து, டெலிவரி தாளிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாலை வாடாது, கேக் ஓடாது.

கையெழுத்துக்குப் பிறகு விழுகிற சில்லுக்கு யாரையும் நோக முடியாது. மலையிலிருந்து மரவள்ளி ஏற்றி இறங்குகிற லாரி தெறிக்கிற ஜல்லி, போன மாசம் தம்பி வண்டியில் இன்னும் ரெண்டு எள்ளு போட்டிருக்கிறது. துரு ஏறுவதற்குள் அவனே டச்-அப் பேனாவால் தொட்டு வைத்துவிட்டான். ‘‘இது நம்ம ரோடு போட்டதுண்ணே, பரவால்ல’’ என்கிறான்.