காப்பும் ஒப்பனையும்

புதிய மகிழுந்து ஒன்றை வாங்க முற்படும் குடும்பம், எந்த நிறுவனத்தின் வண்டி, எந்தப் பெயருடைய வண்டி என்பதைத் தீர்மானித்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. உண்மையில் வேலையின் கடினமான பாதி அங்கேதான் தொடங்குகிறது. விற்பனைக் கூடத்தில் ஒரே பெயரைத் தாங்கி, ஏறத்தாழ ஒரே உருவத்தோடு நிற்கும் வண்டிக்கு மூன்று விலைகள் சொல்லப்படுகின்றன. சிலவற்றிற்கு நான்கு விலைகளும் உண்டு. பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து நிற்கிறது. அந்த எழுத்து மாறினால் சில ஆயிரம் ரிங்கிட் மாறுகிறது. அந்த ஆயிரங்களுக்கு ஈடாகக் கிடைப்பது என்ன? உயிரைக் காக்கும் கருவியா, உடலுக்கு நலம் தரும் வசதியா, கண்ணுக்கு விருந்தாகும் ஒப்பனையா? இந்தக் கேள்வியைக் கேட்காமலே கையெழுத்திடுவோர் பலர்.

இத்தகைய படிவரிசை மகிழுந்தோடு கூடப் பிறந்ததன்று. ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 1908ஆம் ஆண்டு வெளியிட்ட 'மாடல் டி' வண்டி, எளிய மக்களும் வாங்கத்தக்க விலையில் கிடைக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு உருவானது. 1914 முதல் 1925 வரை அது கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டது. நிறத்தைப் பற்றிச் சிந்திக்கும் தொல்லைகூட வாங்குவோருக்கு இருக்கவில்லை. அக்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தை நடத்திய ஆல்ஃபிரட் சுலோன் வேறு வழியைக் கண்டார். செவ்ரலே தொடங்கிக் காடிலாக் வரையில், ஒவ்வொரு பணப்பைக்கும் ஒவ்வொரு நோக்கத்திற்கும் ஏற்ற வண்டி இருக்க வேண்டும் என்பது 1920களில் அவர் வகுத்த கொள்கை. ஒருவர் வருவாய் உயர உயர, அடுத்த படிக்கு ஏற வேண்டும் என்னும் விருப்பமும் அவரிடம் உயர்ந்துகொண்டே இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். 'மாடல் டி' 1927இல் நின்றுபோயிற்று. சுலோனின் ஏணி நிலைத்துவிட்டது. பின்னாளில் அந்த ஏணி ஒரே பெயருடைய வண்டிக்குள்ளேயே நுழைந்துகொண்டது.

ஏணி இருப்பதில் குற்றமில்லை. வசதி மிகுந்தோர் வசதி மிகுந்ததை வாங்குவது உலக வழக்கம். ஆனால், எந்தப் பொருள் எந்தப் படியில் வைக்கப்படுகிறது என்பதில்தான் சிந்திக்க வேண்டிய செய்தி இருக்கிறது. மெத்தை தைத்த தோல் இருக்கை மேற்படியில் இருப்பதால் கீழ்ப்படியில் இருப்பவருக்கு நேரும் இழப்பு சிறிது. உயிர் காக்கும் கருவி மேற்படியில் மட்டும் இருந்தால் நேரும் இழப்பு அத்தகையதா?

மகிழுந்தின் வரலாறு இதற்குச் சான்றுகள் பல தருகிறது. 1956ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் தன் வண்டிகளில் இருக்கை வார்ப்பட்டையையும், மோதலின்போது தலை அடிபடாமல் காக்கும் மெத்தையிட்ட முகப்புப் பலகையையும் வழங்கியது. இரண்டும் தனித்தொகை கட்டிப் பெறவேண்டியவையாகவே இருந்தன. மூன்று முனைகளில் பொருத்தப்படும் வார்ப்பட்டையை வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். அது 1959இல் வண்டிகளில் இடம் பெற்றது. அந்தக் கண்டுபிடிப்பின் உரிமையைத் தனக்கென்று பூட்டிவைக்காமல் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த அந்நிறுவனம் விட்டுக்கொடுத்தது. இச்செயல் பாராட்டுக்குரியது. ஆயினும் எல்லாக் கருவிகளுக்கும் அத்தகைய நல்லூழ் வாய்க்கவில்லை. பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது சக்கரங்கள் இறுகிப்போய் வண்டி வழுக்காதபடி காக்கும் ஏ.பி.எஸ். கருவி, 1978இல் மெர்சிடிஸ் பென்சு நிறுவனத்தின் உயர்வகை வண்டியில் வந்தபோது, அங்கும் அது கூடுதல் பணத்திற்குரிய பொருளாகவே இருந்தது. செல்வர் ஏறும் வண்டியில் தொடங்கி, ஆண்டுகள் பல கடந்து, இறுதியில் சட்டத்தின் துணையோடு எளியவர் வண்டிக்கு இறங்கி வருவதே இக்கருவிகளின் பயணமாக இருந்திருக்கிறது.

மலேசியாவிலும் இதே நிலைதான். 2017ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை மைவி நான்கு வகைகளில் விற்கப்பட்டது. வண்டி வழுக்கித் தடம் விலகாமல் காக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு நான்கிலும் இருந்தது, அது வரவேற்கத்தக்கது. ஆனால் 1.3 லிட்டர் வகைகளுக்குக் காற்றுப்பைகள் நான்கு, 1.5 லிட்டர் வகைகளுக்கு ஆறு. முன்னால் தடை இருப்பதை உணர்ந்து எச்சரித்துத் தானே பிரேக்கிடும் அமைப்போ உச்சியில் நின்ற ஒரே வகைக்கு மட்டும் உரியதாக இருந்தது. 2021இல் அவ்வண்டி புதுப்பிக்கப்பட்டபோது, அதே அமைப்பைக் கூடுதல் தொகை செலுத்திக் கீழ்வகையிலும் பெறமுடிந்தது. நான்கே ஆண்டுகளில் உச்சிப்படியின் பொருள் அடிப்படிக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் வண்டி வாங்கியவர்கள் தம் கையிலிருந்த விலைப்பட்டியலைக் கொண்டே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

பேராக் மாநிலத்துத் தோட்டப்பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரின் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கணவன், மனைவி, எழுபதைக் கடந்த தாய், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர் என ஐவர் அக்குடும்பத்தில் உள்ளனர். பழைய வண்டி அடிக்கடி பட்டறைக்குப் போகத் தொடங்கிவிட்டதால் புதியதொன்றை வாங்க முடிவாயிற்று. விற்பனைக் கூடத்தில் இளைஞர் ஒருவர் இன்முகத்தோடு வரவேற்றுப் பட்டியலை விரித்தார். கீழ்வகை, நடுவகை, மேல்வகை என்று மூன்று பத்திகள் இருந்தன.

"வாத்தியார் போன்றவர்கள் மேல்வகையைத்தான் எடுக்கிறார்கள். மாதத்திற்குப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, சார்" என்றார் அந்த இளைஞர்.

மேல்வகையில் ஸ்போர்ட் ரிம் இருந்தது. தோல் உறை போர்த்திய திசைமாற்றி இருந்தது. பெரிய தொடுதிரை இருந்தது. பொத்தானை அழுத்தினால் இயந்திரம் உயிர்பெற்றது. மூத்த மகன் அந்தப் பொத்தானை விட்டு நகரவில்லை. ஆசிரியரின் மனமும் இளகிக்கொண்டிருந்தது. அதுவரை வாய் திறவாமல் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்த அவர் துணைவியார் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நீங்கள் சொன்னதெல்லாம் முன்னால் உட்காருகிறவருக்கு. பின்னால் அத்தையும் பிள்ளைகள் இரண்டும் உட்காரப் போகிறார்கள். அவர்களுக்கு எந்த வகையில் என்ன இருக்கிறது?"

இளைஞர் சற்றுத் தயங்கினார். பிறகு பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த அப்பக்கத்தில்தான் விடை இருந்தது. பின்னிருக்கையின் நடுவிடத்திற்கு மூன்றுமுனை வார்ப்பட்டை மூன்று வகைகளிலும் இருந்தது. குழந்தை இருக்கையை இறுகப் பொருத்தும் கொக்கியும் மூன்றிலும் இருந்தது. பக்கவாட்டு மோதலில் பின்னிருப்போரின் தலையைக் காக்கும் திரைக் காற்றுப்பை நடுவகையிலிருந்து தொடங்கியது. தானே பிரேக்கிடும் அமைப்பும் நடுவகையிலேயே இருந்தது. நடுவகைக்கும் மேல்வகைக்கும் இடையே இருந்த விலை வேறுபாடு முழுவதும் ரிம், தோல், திரை, பொத்தான் ஆகியவற்றிற்கே உரியது.

முடிவு அங்கேயே பிறந்துவிட்டது. கீழ்வகையிலிருந்து நடுவகைக்கு ஏறுவதற்கான பணத்தை அவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். நடுவகையிலிருந்து மேல்வகைக்கு ஏறுவதற்கான பணத்தைக் கொடுக்கவில்லை. மகனுக்கு வருத்தம்தான். "பொத்தான் இல்லாவிட்டால் என்ன ஐயா, சாவி இருக்கிறதே" என்று பாட்டி அவனைத் தேற்றினார்.

அந்த அம்மையார் கேட்ட ஒரு கேள்வி, பட்டியலை வாசிக்கும் முறையையே மாற்றிவிட்டது. 'நம் தகுதிக்கு எந்த வகை பொருந்தும்?' என்று கேட்டால் விடை எப்போதும் மேற்படியையே காட்டும். 'இந்தப் பொருள் வண்டியில் யாருக்குப் பயன்படுகிறது?' என்று கேட்டால் பட்டியல் தானே மூன்றாகப் பிரிந்துவிடும். காற்றுப்பை, வார்ப்பட்டை, தானே நிற்கும் பிரேக் முதலியன காப்பு. முதுகு வலியுள்ளவருக்கு உயரம் மாற்றத்தக்க இருக்கை, பின்னோக்கிச் செல்லும்போது வழி காட்டும் படக்கருவி முதலியன பயன். பளபளக்கும் ரிம், கீழ்விளிம்பைச் சுற்றிய அலங்காரச் சட்டம் முதலியன ஒப்பனை. காப்பில் கஞ்சத்தனம் கூடாது. பயனில் அவரவர் நிலையறிந்து தேர்தல் வேண்டும். ஒப்பனையைக் கைப்பணம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம். ஒப்பனைப் பொருள்களுள் பலவற்றைப் பிறகும் வாங்கிப் பொருத்த முடியும். காற்றுப்பையைப் பிறகு வாங்கிப் பொருத்த முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

'மாதத்திற்குப் பெரிய வித்தியாசம் இல்லை' என்னும் சொல்லையும் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். மலேசியாவில் நெடுங்காலமாக வழங்கிவந்த நிலைவட்டிக் கணக்கை எடுத்துக்கொள்வோர், ஒப்பனைக்கென்று 5,000 ரிங்கிட்டைக் கூடுதலாகக் கடன் பெற்று, ஆண்டுக்கு 3 விழுக்காட்டு வட்டியில் ஒன்பது ஆண்டுகளில் செலுத்துவதாக வைத்துக்கொள்ளட்டும். வட்டி மட்டும் 1,350 ரிங்கிட். மொத்தம் 6,350 ரிங்கிட். அதனை 108 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் ஏறக்குறைய 59 ரிங்கிட் ஆகிறது. மாதத் தொகை சிறியதுதான். ஆனால் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இடைநிலைப் பள்ளியின் மூன்றாம் படிவத்தை முடிக்கும் வரையில் அந்தத் தொகை ஒவ்வொரு மாதமும் வெளியேறிக்கொண்டிருக்கும். இயந்திரத்தின் கொள்ளளவு கூடினால் சாலை வரி கூடும். வண்டியின் விலை கூடினால் காப்புறுதிக் கட்டணமும் கூடும். வருவாய் சிறிதாக இருப்பதில் கேடில்லை, செலவு விரியாதிருந்தால் போதும் என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்திருப்பது எண்ணத்தக்கது. தன் வலிமையை அறிதல் போர்க்களத்திற்கு மட்டும் உரியதன்று.

ஒப்பந்தம் முடிந்தபின் வந்து சேரும் பொருள்களிலும் விழிப்பு வேண்டும். இனாமாகவோ சிறு தொகைக்கோ இருக்கை உறை, கண்ணாடிக் கறுப்புத்தாள், முகப்புப் பலகை விரிப்பு எனப் பல வரும். பக்கவாட்டுக் காற்றுப்பை இருக்கையின் ஓரத்திலேயே அமைந்துள்ள வண்டியில், அதற்கென்று தைக்கப்படாத உறையை இறுகப் போர்த்தினால், பை வேண்டிய நேரத்தில் விரிவதற்கு அது தடையாகக்கூடும். முகப்புப் பலகையில் காற்றுப்பை இருக்கும் இடத்தை மூடும் விரிப்பும் அத்தகையதே. விலை கொடுத்து வாங்கிய காப்பை விலையில்லா ஒப்பனை கெடுத்துவிடுகிறது. கறுப்புத்தாளுக்கும் சட்டத்தின் அளவு உண்டு. 2019இல் திருத்தப்பட்ட விதிப்படி முன்கண்ணாடி 70 விழுக்காடும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும்.

தமிழாசிரியர்களுக்கு இப்பொருளில் ஒரு பாடமும் கிடைக்கிறது. விளம்பரத் தாளும் ஒரு பனுவலே. அதில் பெரிய எழுத்தில் நிற்பது எது, சிறிய எழுத்தில் ஒதுங்கியிருப்பது எது, முதற்பக்கத்தில் வருவது எது, கடைசிப் பக்கத்திற்குத் தள்ளப்பட்டது எது என்று ஆராய்வது கருத்துணர்தலின் உயர்ந்த பயிற்சியாகும். மேல்நிலை மாணவர்களிடம் ஒரு விலைப்பட்டியலைக் கொடுத்து, அதிலுள்ள பொருள்களைக் காப்பு, பயன், ஒப்பனை என்று வகைப்படுத்தச் சொல்லலாம். அவர்கள் நாளை சம்பளம் வாங்கும்போது, எவருடைய இனிய சொல்லுக்கும் மயங்காமல் ஒரு பட்டியலைப் படிக்கும் திறன் அவர்களிடம் இருக்கும்.

ஒரு தலைமுறை தனிப்பணம் கொடுத்து வாங்கியதை அடுத்த தலைமுறை உரிமையாகப் பெறுகிறது. நிலைப்புக் கட்டுப்பாட்டை மலேசியா 2018 முதல் புதிய வகை வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியது. ஒரு காலத்தில் ஃபோர்டு வண்டியின் விருப்பப் பட்டியலில் இருந்த வார்ப்பட்டை, இன்று எந்த விற்பனைக் கூடத்திலும் தனி விலை கேட்கப்படாத பொருள். முன்னிருக்கையில் இருப்போர் அதனை அணிய வேண்டும் என்ற சட்டம் 1979இலும், பின்னிருக்கையில் இருப்போரும் அணிய வேண்டும் என்ற சட்டம் 2009இலும் நடைமுறைக்கு வந்தன. இருந்தும், பல வண்டிகளின் பின்னிருக்கையில் அது மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். எந்தப் படியின் வண்டியை வாங்கினாலும் அதனோடு சேர்ந்தே வரும் காப்பு அது. ஆசிரியர் குடும்பத்தின் புதிய வண்டி வீட்டிற்கு வந்த முதல் நாளில், பின்னிருக்கையின் நடுவில் அமர்ந்த பாட்டிக்கு அந்தப் பட்டையைப் பூட்டும் முறையைக் கற்றுக்கொடுத்தவன், பொத்தானுக்காக வருந்திய அந்தப் பேரன்தான்.