இரவு எங்கிருந்து வந்தது?

சனிக்கிழமை ஜப்பானிய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரம் புதிதாகக் கற்ற சொல் ஒன்றை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். முன்வரிசைக் கல்லூரிப் பெண் 'குடை' என்றாள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பையன் 'ஓவர்டைம்' என்பதற்கான சொல்லைச் சொன்னான். அவன் பிழைப்பு அப்படி. என் முறை வந்தது. "ட்சுஜிகிரி" என்றேன்.

எங்கள் ஆசிரியை நகோயாவில் எட்டு வருடம் இருந்துவிட்டு மயிலாப்பூருக்குத் திரும்பியவர். பலகையில் எழுதிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"சார், இந்த வார்த்தைய எங்க புடிச்சீங்க?"

"பொண்ணோட வீடியோ கேம்ல, சென்செய்."

"அது கொலை சார். ரோட்ல சிவனேன்னு போறவனை வெட்டிப் போடறது."

வகுப்பே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் தினமும் மாலை ஏழு மணிக்கு மேல் அதைத்தான் பத்துத் தடவை செய்துகொண்டிருந்தாள்.

போக்கிமான் ஸ்கார்லெட் கேமை அவள் விளையாடி முடித்த பிறகு, எழுத்துப் பயிற்சி ஆகட்டும் என்று அதையே என் பெயரில் ஜப்பானிய மொழியில் புதிதாகத் தொடங்கியிருந்தேன். அவளுடைய செல்லம் கலேட். முழங்கையிலிருந்து வாள் நீளும் வெள்ளை உடம்புக்காரன். மரியாதை தெரிந்தவன், யாரையாவது காப்பாற்ற வேண்டுமென்றால்தான் வாளை நீட்டுவான் என்று கேமே அவனுக்கு நற்சான்று தருகிறது. அவன் அடிக்கும் அடிகளில் ஒன்று, ஆங்கிலத்தில் 'நைட் ஸ்லாஷ்'. என் திரையில் அதே இடத்தில் ட்சுஜிகிரி என்று நான்கு எழுத்து இருந்தது.

விளையாடாதவர்களுக்கு: இந்த கேம்களில் ஒவ்வொரு உயிரும் ஒரே சமயத்தில் நான்கு 'மூவ்' மட்டும் வைத்துக்கொள்ளலாம். நைட் ஸ்லாஷ் 2006 செப்டம்பரில் ஜப்பானில் வந்த டைமண்ட், பேர்ல் கேம்களில் பிறந்தது. கலேட்டும் அதே கேம்களில்தான் பிறந்தான். வலிமை 70, பதினைந்து தடவை அடிக்கலாம். மற்ற அடிகளில் இருபத்துநான்கில் ஒன்று 'கிரிட்டிகல்' ஆகும் என்றால், இன்றைய கணக்கில் இது எட்டில் ஒன்று ஆகும். 1996இல் முதல் கேமிலேயே இருந்த 'ஸ்லாஷ்' மூவுக்கும் வலிமை அதே 70தான். அந்தக் காலத்தில் கிரிட்டிகல் வாய்ப்பை உயிரின் வேகத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். அதனால் பெர்சியன் என்ற பூனை ஸ்லாஷ் அடித்தால் 256 தடவையில் 255 தடவை கிரிட்டிகல் விழும். அதை வைத்துக்கொண்டு நான் செய்த அட்டூழியங்கள் வேறு கதை. நைட் ஸ்லாஷ், அந்த அண்ணனின் பழைய சட்டைக்குக் கறுப்புச் சாயம் போட்டு மாட்டிக்கொண்ட தம்பி. அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை என் நோட்டில் அந்தச் சொல்லைக் கான்ஜியில் எழுதிக் காட்டினார். கேமில் மூவ்களின் பெயர்களெல்லாம் ஒலியெழுத்தில்தான் இருக்கும். கேட்டால் ஒலி தெரியும், பொருள் பிடிபடாது. கான்ஜியில் எழுதும்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வருகிறது. முதல் எழுத்து 'ட்சுஜி'. சாலையைக் குறிக்கும் உறுப்பின் மேல் ஒரு கூட்டல் குறி உட்கார்ந்திருக்கிறது. நாற்சந்தி! சீனத்திலிருந்து வந்த எழுத்து இல்லை இது, தெருமுனைக்கென்று ஜப்பானியர்களே செய்துகொண்டது. இரண்டாவது, வெட்டு. ஆனால் காய் நறுக்கவும் காகிதம் கத்தரிக்கவும் எழுதுகிற சாதாரண 'வெட்டு' வேறு, இது வேறு. வண்டிக்குப் பக்கத்தில் கோடரி நிற்கும் எழுத்து. வாளால் ஆளை வெட்டுவதற்கு இதைத்தான் எழுதுவார்கள்.

அன்றிரவு தொடங்கியது என் தேடல்.

போர்க்காலம் ஓய்ந்துகொண்டிருந்த நேரம். இடுப்பில் இரண்டு வாள் செருகிய சாமுராய்களுக்கு வெட்ட ஆள் இல்லை. புது வாள் வாங்கியவனுக்கு அதன் கூர் தெரிய வேண்டும், வித்தை கற்றவனுக்குத் தன் கை தெரிய வேண்டும். சிலருக்கு வெறும் பணம் வேண்டும். இருட்டில் சந்தியில் நின்று, அந்த வழியாக வருகிறவன் யாராயிருந்தாலும் வெட்டிச் சாய்ப்பது. இதுதான் ட்சுஜிகிரி. தோக்குகாவா இயேயாசு ஷோகன் என்ற ஆட்சியாளர் பட்டம் பெறுவதற்கு ஓராண்டு முன்னால், 1602இல், இதற்குத் தடை வந்தது. தடையால் நிற்கவில்லை போலும். 1629இல் 'எதோ' என்று அன்று அழைக்கப்பட்ட தோக்கியோ நகரத்துத் தெருமுனைகளில் 'ட்சுஜிபான்' என்ற காவல் சாவடிகளை வைத்தார்கள். நான் நின்று யோசித்த இடம் இதுதான். ஒரு குற்றம் எத்தனை சாதாரணமாக நடந்திருந்தால், ஒரு நகரம் தன் சந்திகளுக்கெல்லாம் காவலாள் போட்டிருக்கும்! பிறகு எட்டாவது ஷோகன் யோஷிமுனே காலத்தில், 1742இல், குற்றங்களுக்கான சட்டத் தொகுப்பு ஒன்று உருவானது. சந்தியில் வெட்டியவனை ஊரெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டுத் தலையை எடு என்றது அது.

வாளின் கூரைப் பார்க்கச் சட்டத்துக்கு உட்பட்ட வழியும் இருந்தது. மரண தண்டனை பெற்றவர்களின் உடல்களை வெட்டிப் பார்ப்பார்கள். யாமதா அசாஎமோன் என்ற பெயரைப் பரம்பரையாகச் சுமந்த ஒரு குடும்பத்துக்கு அதுவே தொழில். ஒரே வீச்சில் எத்தனை உடல் துண்டானது என்பதை, கைப்பிடிக்குள் மறையும் வாளின் அடிப்பகுதியில் பொன் எழுத்தில் பொறித்துத் தருவார்கள். படித்துவிட்டு அன்று சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

சரி, இத்தனை பெரிய பாவம் எப்படி 'இரவு' ஆனது?

விடை அந்த மூவின் வகையில் இருந்தது. நைட் ஸ்லாஷ் 'டார்க்' வகை. 1999இல் கோல்டு, சில்வர் கேம்களில் வந்த வகை இது. ஜப்பானிய மொழியில் அதன் பெயர் 'அகு'. இருட்டு என்று பொருளே கிடையாது. தீமை, கயமை. அந்த வகையில் சேர்ந்த மூவ்களின் ஜப்பானியப் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். திருடன், ஏமாற்றி அடித்தல், கூட்டமாகச் சேர்ந்து சாத்துதல், ஓடுகிறவனைத் துரத்தி அடித்தல், திடீர்த் தாக்குதல், சூதாட்டத்துப் பித்தலாட்டம். காவல் நிலையத்துப் பதிவேடு மாதிரி இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் சந்திக் கொலை ஒரு பதிவு, அதற்கு அதுதான் சரியான இடம். குழந்தைகள் கேமில் 'தீமை' என்று ஒரு வகை வேண்டாம் என்று ஆங்கிலக்காரர்கள் அதை 'டார்க்' ஆக்கினார்கள். வகை இருட்டானதும் வெட்டு தானாகவே இரவு வெட்டு ஆகிவிட்டது. என் ஊகம்தான்.

ஆங்கிலத்தில் இரவு புகுந்ததும் பிரெஞ்சு, ஜெர்மன் பெயர்களிலும் இரவு வந்து ஒட்டிக்கொண்டது. கொரிய மொழியில் 'திடுக்கிட வைக்கும் வெட்டு'. கொலைகாரனைப் பூச்சாண்டி ஆக்கிவிட்டார்கள். சீனப் பெயர்தான் கொஞ்சம் நேர்மை: ஒளிந்திருந்து உயிர்நிலையில் தாக்குதல். மொழிபெயர்ப்பாளரை நான் குறை சொல்லமாட்டேன். அப்போது மூவ் பெயருக்கு ஆங்கிலத்தில் 12 எழுத்துதான் இடம், நைட் ஸ்லாஷ் இடைவெளியோடு 11 எழுத்து. அந்தச் சந்துக்குள் எதோ காலத்து நாற்சந்தியை யாரால் நுழைக்க முடியும்? நானே தமிழில் 'சந்தி வெட்டு' என்று போட்டுப் பார்த்தேன். நம் மொழியில் சந்தி சிரிக்கத்தான் செய்கிறது.

ஒரு பெயரில் இத்தனை இருந்தால் மற்றவற்றில்? துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த கேம்பாயும் அதிலிருந்த ரெட் கேமும் நினைவுக்கு வந்தன. அதில் ஒரு விஷயம் சிறுவயதிலிருந்தே எனக்கு நெருடல். துறைமுகத்தில் எஸ்.எஸ். ஆன் என்றொரு கப்பல் நிற்கும். அதன் கேப்டன் குமட்டலோடு சுருண்டு கிடப்பார். முதுகைத் தடவிவிட்டால் நன்றிக்கடனாக 'கட்' என்ற மூவைத் தருவார். வழியை மறிக்கும் குட்டி மரங்களை வெட்ட அது வேண்டும். கப்பல் கேப்டனுக்கும் மரம் வெட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? விறகுவெட்டி கொடுத்தால் நியாயம். தோட்டக்காரர் கொடுத்தாலும் சரி.

ஜப்பானியப் பட்டியலில் 'கட்' எங்கே என்று தேடினேன். 'இயாய்கிரி' என்று இருந்தது. இயாய் என்பது உறையில் கிடக்கும் வாளை உருவுகிற வீச்சிலேயே வெட்டி முடிக்கும் கலை. உருவுவது ஒன்று, வெட்டுவது இன்னொன்று என்று அதில் கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் வடக்கு ஜப்பானில் வாழ்ந்த ஹயாஷிசாகி ஜின்சுகே என்பவரை அதன் ஆதிகுரு என்று மரபு சொல்கிறது. கடற்பயணக் குமட்டலில் கிடந்த அந்த மனிதர் ஒரு வாள் ஆசான்! அப்போதுதான் ஞாபகம் வந்தது: அதே கப்பலில் ஒரு மாலுமி, எங்கள் கேப்டன் வாள்வித்தையில் கரைகண்டவர், போக்கிமான்களுக்குக் கட் சொல்லித் தருகிறார் என்று ஆங்கிலத்திலேயே சொல்வான். மொழிபெயர்ப்பில் எல்லாவற்றையும் துடைத்தவர்கள் அந்த ஒரு வரியை விட்டுவைத்திருந்தார்கள். நான் எத்தனையோ தடவை அந்த மாலுமியிடம் பேசியிருக்கிறேன். பன்னிரண்டு வயதில் பி பட்டனை அழுத்திக்கொண்டே போனால் இப்படித்தான்.

மூன்றாவது அகப்பட்டது 'ஃபால்ஸ் ஸ்வைப்'. எதிரியை எவ்வளவு அடித்தாலும் உயிர் ஒரு புள்ளி மிஞ்சும், கொல்லாது. பிடிக்க வேண்டிய போக்கிமானைப் பலவீனப்படுத்த எல்லோரும் இதைத்தான் வைத்துக்கொள்வார்கள். ஆங்கிலப் பெயர் போலி வீச்சு என்கிறது. ஜப்பானியத்தில் 'மினேஉச்சி'. கத்தானா என்ற சாமுராய் வாளுக்கு ஒரு பக்கம்தான் கூர். வாளைத் திருப்பி மொண்ணைப் பக்கத்தால் அடித்து, எதிரியைச் சாகடிக்காமல் சாய்ப்பது மினேஉச்சி. சாமுராய்ப் படங்களில் நல்லவனின் அடையாளம் அது. 1978இல் தொடங்கிய 'அபரென்போ ஷோகுன்' என்ற தொலைக்காட்சித் தொடரில் நாயகன் சண்டைக்கு முன் வாளைத் திருப்பிப் பிடிப்பது பேர்போன காட்சி. அந்த நாயகன் யார் என்று நினைக்கிறீர்கள்? ஷோகன் யோஷிமுனே! சந்தியில் வெட்டியவன் தலையை எடு என்ற சட்டத்தின் காலத்து மனிதர், கற்பனையில் கொல்லாமல் அடிக்கிறவர் ஆகிவிட்டார்.

இந்த ஓட்டத்தில் ஒரு இடத்தில் வழி தவறினேன். தவறியது நல்லதாகப் போயிற்று. ட்சுஜிகிரியைத் தேடும்போது அதன் கான்ஜி எழுத்துகளில் இரண்டாவதை மட்டும் மாற்றி, காய் நறுக்கும் சாதாரண 'வெட்டு' எழுத்தைப் போட்டுவிட்டேன். வந்து நின்றவை வைக்கோல் பாம்புகள். தோக்கியோவுக்குப் பக்கத்தில், சிபா மாகாணத்து இசிகாவா நகரில் கோனோதாய் என்று ஒரு பகுதி. அங்கே ஆண்டுதோறும் ஜனவரி 17இல் 'ட்சுஜிகிரி' என்று ஒரு சடங்கு. ஊர்க்காரர்கள் கூடி வைக்கோலில் பெரிய பாம்புகள் முறுக்கி, சாமிக்கு வைத்த மது ஊற்றி உயிர் கொடுத்து, ஊரின் நான்கு மூலைகளிலும் மரத்தில் கட்டிவிடுகிறார்கள். நோயும் கெட்ட ஆவியும் ஊருக்குள் வராதபடி சந்தியிலேயே வெட்டிவிடுவது. அடுத்த ஆண்டுவரை மழையிலும் வெயிலிலும் அவை காவல் நிற்கும்.

அடுத்த சனிக்கிழமை இதை ஆசிரியையிடம் சொன்னேன். "வெட்டறதுன்னா வழியை அடைக்கறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு சார்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்த வாரச் சொல் இதையே வச்சுக்கோங்க, போன வாரத்துது வேணாம்" என்றார்.

வீட்டில் மகளிடமும் சொல்ல வேண்டியிருந்தது. கொலைக் கதையைப் பாதி மறைத்துச் சொன்னேன். பாம்பைப் பற்றி முழுதாகச் சொன்னேன். அவளுக்கு இரண்டிலும் ஆர்வம் இல்லை. கலேட்டின் 'ஷார்ப்னெஸ்' தான் அவளுக்குப் பெரிது. 2022இல் ஸ்கார்லெட்டோடு வந்த திறன் அது. அதற்கு முன் இருபத்தாறு வருடமாக எத்தனையோ வெட்டுகள் வந்துபோயின, வெட்டு என்று தனியாக ஒரு கணக்கு கேமில் இருந்ததில்லை. ஷார்ப்னெஸ் உள்ளவன் வெட்டினால் வலிமை ஒன்றரை மடங்கு. ஜப்பானியத்தில் 'கிரேஅஜி'. வாளின் கூர்மைக்கு உள்ள சொல்தான், பிரித்தால் 'வெட்டின் சுவை'. யாமதா குடும்பத்தை நினைத்துக்கொண்டேன்.

"அப்பா, இதுல எது எதுக்கு ஒன்றரை மடங்கு வரும்னு எனக்குத் தெரியும்" என்று மகள் ஒப்பிக்கத் தொடங்கினாள். நைட் ஸ்லாஷ் வரும். ஸ்லாஷ் வரும். சைக்கோ கட், லீஃப் பிளேடு, சேக்ரெட் ஸ்வார்ட் எல்லாம் வரும்.

"ஃபால்ஸ் ஸ்வைப்?"

"அதுக்கு மட்டும் வராதுப்பா. ஏன்னு தெரியல."

சமையலறையிலிருந்து அகப்பையை எடுத்து வந்து, திருப்பிப் பிடித்து, அவள் தோளில் மெதுவாகத் தட்டினேன்.